ஊதா மழைக்கோட்டு

உலகத்திலேயே அதிகமாக மாசு படிந்த டால்பின்கள் தங்கள் கடலில்தான் இருக்கின்றன என்று தெரிந்த அன்று, இயக்குநர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிவரச் சொன்னார்.

கடல் உயிரின ஆய்வு நிலையத்தில் அதற்கு முன் இனிப்பு கொடுத்தது லிஃப்ட் வந்த நாளில்தான். லிஃப்ட் மறு வாரமே இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. அதனால் இப்போது இனிப்புப் பெட்டியை ஒரு ஆள் படியேறித்தான் கொண்டுவந்தார்.

"ரெண்டாவது எடத்துல இருக்கறவன் எங்க இருக்கான் தெரியுமா? நம்மள்ல பாதி! பாதிகூட இல்ல!" என்றார் இயக்குநர். ஓட்டப்பந்தயத்தில் பிள்ளை ஜெயித்துவிட்ட தகப்பனின் முகம் அவருக்கு. அவருக்கு நிலையத்தில் பேருரை என்று பெயர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய்ச் சொன்னால், தண்ணீர் என்பது யாது என்பதில் தொடங்குவார். முடிக்கிற நேரத்துக்குத் தண்ணீரே வந்துவிடும்.

வெள்ளிக்கிழமை பத்திரிகைக்காரர்கள் கூட்டம். அமைச்சர் வருகிறார். முடிவை அவர் வாயால்தான் அறிவிக்க வேண்டும்.

"எல்லாம் உங்க கையால வந்தது" என்று பேருரை வில்லனின் தோளில் தட்டினார்.

வில்லன் கெட்டவன் இல்லை. கடலில் போய்க் குறுக்குவில்லால் டால்பின்மேல் அம்பு விடுகிற ஆராய்ச்சியாளன். வில் பிடிக்கிறவன் வில்லன்தானே என்று அவனுடைய அத்தான், அதாவது அக்காவின் கணவர், வைத்த பெயர். அத்தான் நிலையத்தின் படகோட்டி. முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு வந்த அன்றும், "வாங்க டாக்டர் வில்லன், கயித்த அவுத்து விடுங்க" என்றுதான் வரவேற்றார். நாற்பது வயதைத் தாண்டியும் அந்தப் பெயர் விடவில்லை.

அம்பு கொல்வதற்கு இல்லை. அதன் முனையில் பேனா மூடி அளவுக்கு ஒரு வெற்றுக் குழல் இருக்கும். முதுகில் பட்டதும் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தோலும், அடியில் கொஞ்சம் கொழுப்புமாகப் பிய்த்துக்கொண்டு எம்பி விழுந்து மிதக்கும். வலைக்கரண்டியால் அள்ளிக்கொள்ள வேண்டியதுதான். முன்னெல்லாம் இந்தத் தகவலுக்கு ஒன்று விலங்கைக் கொல்ல வேண்டும், இல்லை பிணம் கரையொதுங்கும் வரை காத்திருக்க வேண்டும். இப்போது டால்பின் ஒரு துள்ளுத் துள்ளிவிட்டுத் தன் ஜோலியைப் பார்க்கப் போய்விடும். கொசுக்கடி மாதிரிதான் என்று நிலையத்தின் துண்டறிக்கை சொல்கிறது. டால்பினைக் கேட்டு எழுதியது அல்ல.

கொழுப்பில் பழைய பூச்சிமருந்துகள் தேங்கியிருக்கும். தோலில் அவர்கள் இரண்டு வருடமாகத் தேடுவது வேறொன்று. தோசைக்கல்லில் மாவு ஒட்டாமலும், மழைக்கோட்டில் தண்ணீர் ஒட்டாமலும் இருக்கப் பூசுகிறார்களே, அந்த ரசாயனம். எதிலும் ஒட்டாதது, உடம்பில் மட்டும் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது. போன வருடம் அது ஏதோ கொஞ்சம் இருந்தது, ஊர் உலகத்தில் இருக்கிற மாதிரி. இந்த வருடம்தான் முதலிடம்.

வில்லன் இனிப்பை வாயில் போட்டான். இனிப்பாகத்தான் இருந்திருக்கும்.

படகில் எப்போதும் மூன்று பேர். அத்தான் பின்னால் இயந்திரத்தில். வில்லன் நடுவில் வில்லோடு. படகின் மூக்கில் கேமராவோடு அக்கா. டால்பினின் முதுகுத் துடுப்பில் இருக்கிற வெட்டு, கிழிசலைப் பார்த்து, இது இன்னார், இது இன்னாரின் பிள்ளை என்று சொல்லிவிடுவாள். குத்தியதையே மறுபடி குத்தாமல் இருப்பது அவள் பொறுப்பு. பத்து வருடத்துத் துடுப்புப் படங்கள் அவள் எடுத்தவை. இந்த வருடம் கடலுக்குப் போகும் பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், தலையை வலிக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை படுத்தாள். செவ்வாய்க்கிழமை எல்லாம் முடிந்துவிட்டது.

வில்லன் அழவில்லை. வந்தவர்கள் எல்லாரும் தைரியமாக இருக்கச் சொன்னார்கள். அவன் இருந்த தைரியத்தைப் பார்த்து, சொன்னவர்களே பயந்துபோய்ச் சீக்கிரம் கிளம்பினார்கள். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அது அவனுக்கு உடம்பு முழுக்க இருந்தது. பருவம் காத்திருக்காது என்று அத்தானும் அவனும் கடலுக்குப் போனார்கள். அக்காவின் இடத்தில் அவன் போய் உட்கார்ந்துகொண்டான். படமும் அவனே எடுத்தான், அம்பும் அவனே விட்டான். படகில் நடந்த பேச்சு முழுவதையும் நான்கு வார்த்தையில் அடக்கிவிடலாம்: இடது, வலது, மெதுவா, எடுத்தாச்சு. திரும்பிப் பார்த்தால் பருவம் ஏறக்குறைய முடிந்திருந்தது.

இனிப்புக் கொடுத்த மறுநாள் பூஜ்யம் அவன் அறைக்கு வந்தாள்.

பூஜ்யம் ஆய்வுக்கூடத்தில் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் வேதியியல்காரி. கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் ஒரு வெற்றுக் குப்பியையும் கொண்டுபோய், படகில் திறந்து மூடி, அதையும் அவளிடம் கொடுக்க வேண்டும். அதில் ஒன்றுமே இருக்கக் கூடாது. இருந்தால் அழுக்கு டால்பினுடையது அல்ல, குத்தினவர்களுடையது என்று அர்த்தம். அந்தப் பூஜ்யத்தைக் காண்பதற்காகவே உயிர் வாழ்கிறவள் என்று கேலி செய்து செய்து, பெயரே அதுவாகிவிட்டது.

"உங்க வெத்துக் குப்பியிலயும் இருக்கு" என்றாள்.

"எந்தக் குப்பி?"

"எல்லாக் குப்பியும்."

"பேருரை கிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. அப்போ காத்துலயே கலந்திருக்குன்னு அர்த்தம், இது நம்மளோட ரெண்டாவது கண்டுபிடிப்பு, இதுக்கு அடுத்த மாசம் தனியா ஒரு கூட்டம் போடலாம்னாரு." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. என்ன சட்டை?"

"பருத்தி. பழசு."

"கைக்கு கிரீம், வெயிலுக்கு ஏதாவது பூசினீங்களா?"

"நான் கறுத்தா யாரு வருத்தப்படப் போறா?"

"பூசினீங்களா இல்லையா?"

"இல்ல."

"சாப்பாடு எண்ணெ ஒட்டாத பேப்பர்ல சுத்தி வந்துதா?"

"எவர்சில்வர் டப்பா."

"மழைக்கோட்டு?"

"அதப் போடக் கூடாதுன்னு விதி எழுதினதே நான்தான்."

"எழுதினது யாருன்னு கேக்கல. போட்டீங்களான்னு கேட்டேன்."

"இல்ல" என்றான் வில்லன்.

அவன் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைத்தான் சொன்னான்.

பூஜ்யம் எழுந்தாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள தெரிஞ்சாகணும். நம்பர் தப்புன்னா அத்தனை டால்பினும் சும்மா குத்து வாங்கியிருக்கு. அது போகட்டும். உங்க அக்கா எடுத்த படத்தையெல்லாம் சேத்து, ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் இந்த நம்பரப் போட்டுப் புத்தகமா குடுக்கப் போறாங்களாம். அமைச்சர் வாயால ஒரு தடவ வந்துட்டா அப்புறம் அழிக்க முடியாது. நாளைக்கு யாராவது பொய்னு கண்டுபிடிச்சா, உங்க அக்கா படத்தையும் சேத்துத்தான் தூக்கிப் போடுவாங்க."

"தெரியுது" என்றான். தெரிந்தது. தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உடம்பு சொல்லும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். அது ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை மதியம் இரண்டு ஆட்கள் ஏணியோடு வந்து, கூடத்தில் மாடிக் கைப்பிடியிலிருந்து ஒரு பேனரை இறக்கினார்கள். மேலே 'மாசின் முன் ஒரு மாவீரன்' என்று எழுத்து. கீழே, படகின் மூக்கில் ஒரு முட்டி போட்டு, வில்லைத் தோளுக்கு ஏற்றிக் குறி பார்க்கிற ஒரு மனிதன், இரண்டு ஆள் உயரத்துக்கு. பேருரை பருவம் முழுவதும் ஒரே ஒரு நாள்தான் படகில் வந்தார். ஒரு வாந்திக்கும் அடுத்த வாந்திக்கும் நடுவே கிடைத்த இடைவெளியில் அவரே எடுத்த படம்.

"எப்படி?" என்றார் பேருரை. "மூக்கு கொஞ்சம் பெரிசாத் தெரியுது. அமைச்சர் பின்னால நிக்கறப்போ மறைஞ்சிடும்."

வில்லன் பார்த்தான். படத்தில் இருந்தவன் ஊதா நிற மழைக்கோட்டு ஒன்று போட்டிருந்தான். குல்லாவையும் இழுத்து விட்டிருந்தான். கோட்டின் கை மணிக்கட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே முடிந்துபோயிருந்தது. பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் மஞ்சள் துணி எட்டிப் பார்த்தது.

இந்த ஆள் எதற்கு அக்காவின் கோட்டைப் போட்டிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தான். யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று கொஞ்சம் கோபமாகக்கூட இருந்தது. அப்புறம் மூக்கைப் பார்த்தான்.

பக்கத்தில் பூஜ்யம் வந்து நின்றது தெரியவில்லை. அவள் பேனரைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"இல்லன்னு சொன்னீங்க."

"இல்லன்னுதான் நெனச்சேன்."

"எத்தனை நாள் போட்டீங்க?"

"தெரியல" என்றான். அதுவும் நிஜம்.

"ஆக, ஆதாரத்த இவ்ளோ பெரிசா அச்சடிச்சு அவங்களே தொங்க விட்டிருக்காங்க" என்றாள் பூஜ்யம். சிரிக்கவில்லை. "எனக்கு அந்தக் கோட்டு வேணும்."

படகுத்துறையில் அத்தான் டீசல் வடிகட்டியைக் கழற்றி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கோட்டு படகின் சின்ன அறைக்குள் ஆணியில் தொங்கியது. போன வருடம் விதி வந்தபோது அக்காதான் அதைக் கழற்றி அங்கே மாட்டினாள். உன் விதியால எனக்குத்தான்டா சளி என்று பருவம் முழுக்கத் தும்மிக்கொண்டே அவனைத் திட்டினாள். அப்போது மாட்டியது, அப்படியே இருந்தது. அப்படியே இருந்ததாகத்தான் அவன் நினைத்திருந்தான்.

"அத்தான், நான் இந்தக் கோட்டப் போட்டுக்கிட்டா இருந்தேன்?"

அத்தான் நிமிரவில்லை. "ம்."

"எப்பலேர்ந்து?"

"மொத நாள்லேர்ந்து. ஏறுவ, ஆணியில இருக்கறத எடுத்து மாட்டுவ. எறங்கறப்போ மறுபடி ஆணியில தொங்க விடுவ. ஆபீஸ்கூட இவ்ளோ ஒழுங்கா நீ போனதில்ல."

"போடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும். போன வருஷம் உங்க கோட்டக் கழட்டச் சொல்லி எவ்ளோ சண்ட போட்டேன். மச்சான்கூடப் பேசமாட்டேன்னு ரெண்டு நாள் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தீங்க."

"தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

அத்தான் வடிகட்டியைத் திருப்பித் திருப்பித் துடைத்தார். அது முன்பே சுத்தமாகிவிட்டிருந்தது.

"நான் பின்னாலேர்ந்துதான ஓட்டறேன்" என்றார். வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு, "நீ முன்னால அந்த எடத்துல போய் உக்காருவ. குல்லாவ வேற இழுத்து விட்டுக்குவ. பின்னாலேர்ந்து பாத்தா…" என்று நிறுத்தி, "இந்தத் துணியப் பாரு, ஒரே பிசுக்கு" என்று அதை உதறினார்.

வில்லனுக்குப் புரிந்தது. புரிந்தது எங்கேயோ தூரத்தில், அடுத்த தெருவில் கதவு சாத்துகிற மாதிரி கேட்டது.

"இதக் குடுத்தாகணும் அத்தான். குடுத்தா இதுலேர்ந்து ஒரு துண்டு வெட்டி மெஷின்ல போட்டு, அதே சரக்குதானான்னு பாப்பாங்க. அதுக்கப்புறம் படகுல இது இருக்கக் கூடாது."

"குடுக்காட்டி?"

"அமைச்சர் சொல்வாரு. அக்கா படத்துக்குக் கீழ நம்பரப் போட்டு."

அத்தான் யோசித்தார். "ஒரு தடவ ஒரு படத்துக்குப் பேர மாத்தி எழுதிட்டேன். தாயும் மகளும். துடுப்பு ஒண்ணு மாதிரியே இருந்துது. அதுக்கு எனக்கு ஒரு வாரம் சோறு மட்டும்தான் போட்டா, பேச்சுப் போடல." வடிகட்டியை இடத்தில் பொருத்தினார். "எடுத்துட்டுப் போ. நான் எடுத்துக் குடுக்க மாட்டேன். நீயா எடு."

உண்மையைச் சொல்ல வீரம் வேண்டும் என்று பேருரை அடிக்கடி பேசுவார். வில்லனிடம் வீரம் எதுவும் இல்லை. பொய்யைத் தூக்கிப் பிடித்து நிறுத்தத்தான் தெம்பு வேண்டும். அது அவனிடம் இல்லாமல் போயிருந்தது. ஆணியிலிருந்து கோட்டை எடுத்தான். போடுவதற்குத் தன் கை தானாகவே அதில் நுழையப் பார்த்ததை அப்போதுதான் முதல்முறையாகக் கவனித்தான்.

ஆய்வுக்கூடத்தில் பூஜ்யம் மேஜையில் சுத்தமான தாளை விரித்து அதன்மேல் கோட்டைக் கிடத்தினாள். பேருரைக்குச் சேதி எட்டி, மூச்சிரைக்கப் படியேறி வந்துவிட்டார். எடுத்துக் கொடுக்க மாட்டேன் என்ற அத்தானும் டீசல் கையோடு வாசலில் நின்றார்.

"இத வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வெட்டக் கூடாதாம்மா?" என்றார் பேருரை. "திங்கக்கிழமை வெட்டினா துணி என்ன ஓடியா போயிடும்?"

"துணி ஓடாது சார். அமைச்சர் வந்துட்டுப் போயிடுவாரே."

"அது சரி. ஆனா விஞ்ஞானம்னா என்ன? விஞ்ஞானம்ங்கிறது அவசரமா? விஞ்ஞானத்தின் வரலாற்றையே எடுத்துக்கிட்டீங்கன்னா…"

"சார்" என்றார் அத்தான் வாசலிலிருந்து. "அது அவ கோட்டு. வெட்டி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பேசாம இருங்க."

பேருரை நிறுத்தினார். நிலையம் கட்டின நாளிலிருந்து அவர் பாதியில் நிறுத்திய ஒரே பேச்சு அதுதான். நிறுத்திய பிறகு வாயை என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்சம் திறந்தே வைத்திருந்தார்.

"எந்தப் பக்கம் குப்பியில உரசும்?" என்றாள் பூஜ்யம்.

வில்லன் தன் கையை நீட்டிக் குப்பி பிடிப்பதுபோல் பாவனை செய்து பார்த்தான். "வலது கை. உள்பக்கம்."

அவள் கத்தரியை எரிசாராயத்தில் துடைத்தாள். கை ஓரத்தில் நூல் வேறு நிறத்தில் தைத்திருந்த இடம் ஒன்று இருந்தது. அதைத் தொடாமல் தள்ளி வெட்டினாள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. சத்தம் கூடப் பெரிதாக வரவில்லை.

"அவ்ளோதானா?" என்றார் அத்தான்.

"அவ்ளோதான்."

அத்தான் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் முடிவு வந்தது. அதே சரக்கு, அதே கலவை. டால்பினில் இருந்ததைவிடக் கோட்டில் எவ்வளவோ மடங்கு. முதலிடம் உண்மையில் கோட்டுக்குத்தான் கிடைத்திருக்க வேண்டும். புத்தகம் அச்சுக்குப் போகாமல் நின்றது. வெள்ளிக்கிழமை கூட்டம் மட்டும் நிற்கவில்லை. அமைச்சரின் நேரம் கிடைப்பது லேசா? உலகத் தரத்தில் தன் பிழையைத் தானே கண்டுபிடிக்கும் முன்னோடி நிலையம் என்று பேருரை ஒன்றரை மணி நேரம் பேசினார். அமைச்சர் நடுவில் இரண்டு முறை கைதட்டினார், ஒரு முறை தூங்கி விழித்து. பேனருக்குச் செலவு செய்தாகிவிட்டதால் அதையும் கழற்றவில்லை. 'மாசின் முன்' என்ற இடத்தில் மட்டும் 'பிழையின் முன்' என்று தாள் ஒட்டினார்கள். மாவீரன் ஊதாக் கோட்டோடு அப்படியே தொங்கினான்.

கோட்டைப் பூஜ்யம் ஒரு பையில் போட்டு வாயை மூடி வில்லனிடம் கொடுத்தாள். வில்லன் துறைக்குப் போய் அத்தானிடம் நீட்டினான்.

"நீ வெச்சுக்க" என்றார் அத்தான்.

"உங்க வீட்லதான இருக்கணும்."

"எங்க மாட்டறது? இருக்கற ஆணியில எல்லாம் அவளுதுதான் தொங்குது. நீ கொண்டு போ."

"நான் போட்டுக்குவேன் அத்தான்."

கடைசியில் பை திரும்பவும் படியேறி, பூஜ்யத்தின் அலமாரியில் மேல் தட்டுக்குப் போனது. அவள் ஏணி போட்டு ஏறி, உள்ளே தள்ளி வைத்தாள்.

பருவத்தில் மிச்சம் கொஞ்ச நாள்தான். முடிந்தவரை மறுபடி எடுத்துவிடுவது என்று இருவரும் கடலுக்குப் போனார்கள். குத்துப்பட்டவையே மறுபடி குத்துப்பட வேண்டும். அவற்றுக்கு விளக்கம் சொல்ல யாரும் இல்லை.

வில்லன் பருத்திச் சட்டையோடு படகின் மூக்கில் உட்கார்ந்தான். துறையைத் தாண்டி வெளிக்கடலுக்கு வந்ததும் முதல் அலை வந்தது. படகு அதன்மேல் ஏறி, தொப்பென்று விழுந்தது. ஒரு வாளித் தண்ணீரை யாரோ மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்தது. துடைத்துக்கொள்வதற்குள் இரண்டாவது. வில்லை மடியில் கவிழ்த்துப் பிடித்து, கேமராவைச் சட்டைக்குள் திணித்தான். மூன்றாவதில் முதுகுவரை நனைந்துவிட்டான்.

பருவம் முழுக்க இதே கடல், இதே அலை, இதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஒரு சொட்டுக்கூட மேலே விழுந்த ஞாபகம் இல்லை. மழைக்கோட்டுக்கு அங்கே வேலையே இருந்திருக்கவில்லை. ஒவ்வொரு அலையிலும் இயந்திரத்தைக் குறைத்து, படகைப் பக்கவாட்டில் சாய்த்து, தண்ணீர் தெறிக்காமல் யாரோ ஏற்றி இறக்கியிருக்கிறார்கள்.

அடுத்ததும் வந்தது, வாய்க்குள்ளேயே.

"அத்தான்!" என்று உப்பைத் துப்பிக்கொண்டு திரும்பினான். "அலையப் பாத்து ஓட்டக் கூடாதா?"

"நீ என்ன எம் பொண்டாட்டியா?" என்று பின்னாலிருந்து கத்தினார் அத்தான். "பாத்துப் பாத்து ஓட்டறதுக்கு?"

சொன்ன பிறகு இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தானின் முகமும் நனைந்திருந்தது. அலை பின்பக்கம்வரை தெறிக்கிற அளவுக்குத்தான் ஓட்டியிருந்தார்.

வில்லன் முன்பக்கம் திரும்பினான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டு குளிர்ந்தது. பல் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் மூன்று துடுப்புகள் எழுந்து மறைந்தன. நடுவில் இருந்ததற்கு மேல் ஓரத்தில் ஒரு கிழிசல்; அக்கா அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தாள். அது வாய்க்கு வரவில்லை. கேமராவை வெளியே எடுத்தான்.

"வலது" என்றான்.

படகு வலது பக்கம் திரும்பியது.